தீ அணைந்த பிறகு: வீட்டுக் கண்ணாடிப் பட்டறையைப் பூட்டுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கையில், மட்டக்களப்பு மாவட்டத்து ஆரையம்பதியில் வீட்டுக்குப் பின்னால், மாமரத்தோரம், பன்னிரண்டுக்குப் பத்து அடியில் ஒரு தகரக் கொட்டில். அதுதான் என் பட்டறை. மேசையில் காஸும் ஒக்சிஜனும் சேர்ந்து எரியும் டோர்ச் ஒன்று, சுவரோரம் சின்ன மின்சூளை ஒன்று. கண்ணாடிக் கோலை உருக்கி மணியும் பதக்கமும் செய்கிறேன். தொடங்குவது எப்படி என்று என்னிடம் கேட்பவர்கள் குறைவு, அதற்கு வீடியோக்கள் கொட்டிக் கிடக்கின்றன. வேலை முடிந்ததும் என்ன செய்வது என்றுதான் ஏறாவூரிலிருந்தும் களுவாஞ்சிக்குடியிலிருந்தும் கல்முனையிலிருந்தும் கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

டோர்ச்சை அணைக்கும்போது எதை முதலில் மூடுவது, காஸையா ஒக்சிஜனையா?

ஒக்சிஜனை. அதன்பிறகுதான் காஸ். பற்றவைக்கும்போது காஸ் முந்தி வந்தது, ஒக்சிஜன் பிந்தி வந்தது. பிந்தி வந்தவர் முந்திப் போகிறார் என்று மனதில் வைத்தால் மறக்காது. ஒக்சிஜனை மூடியதும் நீலச் சுவாலை தளர்ந்து, நீண்டு, மஞ்சளாகி, நுனியில் கரி பறக்கும். பார்க்க நன்றாக இருக்காது, ஆனால் சத்தம் போடாது. அந்த மஞ்சளைக் கண்ணால் கண்ட பிறகு காஸை மூடுங்கள்.

மாற்றிச் செய்தால் ஒக்சிஜன் மிகுந்த குட்டைச் சுவாலை டோர்ச்சின் முகத்தோடு ஒட்டிக்கொண்டு 'டப்' என்று வெடித்து அணையும். ஒரு தடவை நடந்தால் ஒன்றும் ஆகாது. தினமும் நடந்தால் டோர்ச்சின் துவாரங்கள் கெடும். காஸும் ஒக்சிஜனும் உள்ளேயே கலக்கும் வகை டோர்ச் என்றால் சுவாலை பின்னோக்கி உள்ளே ஓடவும் இடமுண்டு. அதற்காகத்தான் இரண்டு குழாய்களிலும் பின்னெரி தடுப்பான் பூட்டச் சொல்கிறார்கள். அந்தச் செலவைத் தயவுசெய்து மிச்சம் பிடிக்காதீர்கள்.

குமிழை விரல் நுனியால் மூடினால் போதும். உள்ளே இருப்பது ஊசி வால்வு. பலம் காட்டித் திருகினால் ஊசி உட்காரும் இடம் தேய்ந்துவிடும். மறுகா எவ்வளவு இறுக்கினாலும் கசிந்துகொண்டே இருக்கும்.

வெல்டிங் செய்பவர் வேறு வரிசை சொல்கிறாரே?

அவர் அசெற்றிலீன் பாவிக்கிறவராக இருக்கும். அந்த வாயுவுக்கும் அந்த டோர்ச்சுக்கும் வேறு பழக்கம் உண்டு, அதை முதலில் மூடச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். கண்ணாடி மேசையில் எல்பி காஸோடு வேலை செய்கிறவர்களுக்கு மேலே சொன்னதுதான் வரிசை. உங்கள் டோர்ச்சோடு வந்த தாளில் வேறு விதமாக எழுதியிருந்தால் அந்தத் தாள் சொல்வதைக் கேளுங்கள்.

டோர்ச்சின் குமிழை மூடியாகிவிட்டது. சிலிண்டரையும் மூடத்தான் வேண்டுமா?

இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் எல்லாரும் பதிலை அறிந்தவர்கள்தான். "இன்றைக்கு மட்டும் விடலாமா" என்பதுதான் உண்மையான கேள்வி.

ஒரு கணக்குச் சொல்கிறேன். மூன்று மீற்றர் நீளமான சாதாரண காஸ் குழாய்க்குள் இருக்கும் காஸ் ஒரு தேநீர்க் கோப்பை அளவுகூட வராது. அது முழுக்கக் கசிந்தாலும் ஒன்றும் பெரிதாக நடக்காது. ஆனால் சிலிண்டர் திறந்திருந்தால் அந்தக் குழாய்க்குப் பின்னால் பன்னிரண்டரைக் கிலோ நிற்கிறது. எல்பி காஸ் காற்றோடு நூற்றுக்கு இரண்டு பங்கு அளவில் கலந்தாலே பற்றிக்கொள்ளும். என் கொட்டில் அளவான அறையில் அந்த இரண்டு பங்குக்கு ஒன்றரைக் கிலோவும் தேவையில்லை. அதுவும் அறை முழுக்கச் சமமாகப் பரவினால்தான் அந்தக் கணக்கு. இந்தக் காஸ் காற்றைவிடப் பாரமானது, ஒன்றரை முதல் இரண்டு மடங்கு. மேலே எழும்பாது. நிலத்தோடு படர்ந்து, படிக்கட்டு இறங்கி, கானுக்குள்ளும் கிணற்றடிக்கும் போய்த் தேங்கும். ஆகவே அதைவிடக் குறைந்த காஸே முழங்கால் உயரத்துக்குள் ஆபத்தை உண்டாக்கிவிடும்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு வைகாசியில் கண்ணகி அம்மன் குளிர்த்திக்குப் போகிற அவசரம். டோர்ச்சை மூடினேன், கதவைச் சாத்தினேன், ஓடினேன். சிலிண்டர் அப்போது கொட்டிலுக்குள்ளேயே இருந்தது. விடியக்காலை வந்து கதவைத் திறந்தால் மணம் முகத்தில் அடித்தது. கை பழக்கத்தில் சுவிச் பக்கம் போனது. எப்படி நிறுத்தினேன் என்று இன்றும் தெரியாது. கதவை விரியத் திறந்து வைத்துவிட்டு முற்றத்தில் வெகுநேரம் நின்றேன். மணம் அடங்கிய பிறகு பார்த்தால், மேசைக்குக் கீழே குழாயில் இரண்டு சின்னப் பல் அடையாளம். எலி. டோர்ச்சும் ரெகுலேற்றரும் ஒரு பிழையும் விடவில்லை, விட்டது நான்தான்.

அதற்குப் பிறகு சிலிண்டர் சுவருக்கு வெளியே, நிழலில், நிமிர்ந்து நிற்கிறது. குழாய் மட்டும் சுவரில் துளையிட்டு உள்ளே வருகிறது. எலி கடிக்காதபடி அதன்மேல் இரும்பு வலைச் சுருள் போட்டிருக்கிறேன். முடிந்தால் நீங்களும் அப்படியே செய்யுங்கள். அப்போதும் இரவில் சிலிண்டரை மூடத்தான் வேண்டும்.

ரெகுலேற்றரின் அழுத்தம் கூட்டிக் குறைக்கும் திருகைத் தளர்த்தினால் மூடியதாக ஆகாதா?

ஆகாது. அது அழுத்தத்தை ஒழுங்குபடுத்தும் திருகு, பூட்டு அல்ல. மூடவேண்டிய இடம் சிலிண்டரின் வாய். உங்களுடையது கைச்சக்கரமா, ரெகுலேற்றரோடு வரும் திருப்பும் குமிழா என்று பார்த்து அதை மூடுங்கள்.

குழாய்க்குள் மிஞ்சும் காஸை என்ன செய்வது?

எரித்துத் தீர்ப்பதுதான் சுத்தமான வழி. காஸும் ஒக்சிஜனும் டோர்ச்சின் முகத்துக்கு வெளியே கலக்கும் வகை என்றால் இப்படிச் செய்யலாம்: ஒக்சிஜனை மூடி, மஞ்சள் சுவாலை எரியும்போதே வெளியே போய்ச் சிலிண்டரை மூடுங்கள். அல்லது ஒருவரை நிறுத்தி மூடச் சொல்லுங்கள். சுவாலை மெல்லச் சுருங்கித் தானாக அணையும். என் மகளுக்கு இதைப் பார்ப்பது விருப்பம், "அம்மா, நித்திரை கொள்ளுது" என்பாள். அணைந்ததும் டோர்ச்சின் காஸ் குமிழை மூடுங்கள்.

பிறகு ஒக்சிஜன் பக்கம். காற்றிலிருந்து ஒக்சிஜனைப் பிரித்துத் தரும் கொன்சன்ட்ரேற்றர் இயந்திரம் என்றால் அதை நிறுத்துங்கள், சிலிண்டர் என்றால் வால்வை மூடுங்கள். டோர்ச்சின் ஒக்சிஜன் குமிழைத் திறந்து மிஞ்சியதை வெளியேற்றி, அழுத்தமானி பூச்சியத்துக்கு வந்ததும் மூடுங்கள். கடைசியாக இரண்டு ரெகுலேற்றர்களின் திருகுகளையும் ஆடும் வரை தளர்த்திவிடுங்கள். இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் சவ்வும் சுருளும் இரவு முழுக்க இறுக்கத்திலேயே கிடக்கும்.

இரண்டு குமிழ்களையும் ஒரே நேரத்தில் திறந்து வெளியேற்ற வேண்டாம். ஒரு குழாயின் வாயு மற்றதற்குள் புகுந்தால் நாளை பற்றவைக்கும்போது குழாய்க்குள்ளேயே கலவை தயாராக இருக்கும்.

காஸ் மணக்கிறது. முதலில் என்ன?

சுவிச்சைத் தொடாதீர்கள். போடவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தால் ஓடட்டும், நின்றிருந்தால் நிற்கட்டும். கதவு யன்னல்களைத் திறந்து, கைக்கு எட்டினால் சிலிண்டரை மூடி, வெளியே வாருங்கள். ஃபோனைத் தூர நின்று எடுங்கள். தீயணைப்புக்கு 110.

நம் வீடுகளில் கவனிக்க வேண்டியது பின்னேரம். வேலை முடிக்கிற நேரமும் விளக்கு வைக்கிற நேரமும் ஒன்று. சாமிப்படத்துக்கு முன்னால் திரி, வாசலில் சாம்பிராணி, கட்டிலுக்குக் கீழே நுளம்புத்திரி. நிலத்தோடு படர்ந்து வரும் காஸுக்கு நுளம்புத்திரியைவிட வசதியான இடம் இல்லை. நான் கொட்டிலைப் பூட்டி, ஒருமுறை குனிந்து மோந்து பார்த்த பிறகுதான் வீட்டில் விளக்கேற்றுவார்கள். குனிந்துதான் பார்க்க வேண்டும், நிமிர்ந்து நின்றால் மூக்குக்கு வராமலே போகலாம்.

இணைப்புகளைச் சோதிக்கத் தீப்பெட்டி வேண்டாம். பாத்திரம் கழுவும் திரவத்தைத் தண்ணீரில் நுரைக்க அடித்து, தூரிகையால் பூசுங்கள். குமிழி பெருத்தால் கசிவு. 2021 கடைசியில் நாடு முழுக்க காஸ் அடுப்புகள் வெடித்தபோது புரொப்பேனும் பியூட்டேனும் கலக்கும் விகிதம் பற்றி எல்லாரும் பேசினார்கள். அதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. புரொப்பேன் கூடினால் சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும். போன மாதம் பொறுத்துக்கொண்ட பழைய வாஷர் இந்த மாதம் பொறுக்காமல் போகலாம். ஒவ்வொரு சிலிண்டர் மாற்றும்போதும் நுரை பூசிப் பாருங்கள்.

உப்புக்காற்றில் ரெகுலேற்றர் துருப்பிடிக்கிறது. கொஞ்சம் தேங்காயெண்ணெய் பூசினால் என்ன?

ஒக்சிஜன் பக்கத்தில் பூசவே பூசாதீர்கள். கல்லடியிலும் காத்தான்குடியிலும் கடலோரத்தில் இருப்பவர்கள் எல்லாருமே இதைக் கேட்கிறார்கள். துரு கண்ட பிணைச்சலுக்கும் பூட்டுக்கும் எண்ணெய் விட்டுப் பழகிய கை நமது. அழுத்தத்தில் வரும் ஒக்சிஜன் எண்ணெயைச் சந்தித்தால் தீப்பொறி இல்லாமலே பற்றும். தேங்காயெண்ணெய், கிரீஸ், இயந்திர எண்ணெய் எதுவானாலும் இதே கதைதான். தலைக்கு எண்ணெய் வைத்த கையோடு ஒக்சிஜன் சிலிண்டரின் ரெகுலேற்றரைப் பூட்டுவதுகூடக் கூடாது. சவர்க்காரம் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு வாருங்கள்.

துருவுக்கு வழி வேறு. வேலை முடிந்ததும் உலர்ந்த சுத்தமான துணியால் துடையுங்கள். மாரிக்காலத்தில் ரெகுலேற்றரைத் துணிப்பையால் மூடுங்கள். பொலித்தீன் வேண்டாம், உள்ளே வியர்க்கும். திருகுப்புரி தின்னப்பட்டிருந்தால் புதிது வாங்குங்கள்.

வேலை நடுவில் கரண்ட் போனால்?

2022 பங்குனிக் கடைசியில் ஒருநாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் போனதை யாரும் மறந்திருக்க மாட்டோம். இப்போது அப்படி இல்லை, ஆனாலும் மழையும் இடியும் வந்தால் போகத்தான் செய்கிறது. போன அந்தக் கணத்தில் மூன்று விடயங்கள் சேர்ந்து நடக்கின்றன.

கொன்சன்ட்ரேற்றர் நின்றுவிடும். சுவாலை தளர்ந்து மஞ்சளாகும். கையில் அரைகுறை மணி இருக்கும், "இதை மட்டும் முடித்துவிடலாம்" என்று தோன்றும். முடிக்காதீர்கள். ஏனென்றால் இரண்டாவதாக எக்சோஸ்ட் ஃபேனும் நின்றுவிட்டது. காபன் மொனொக்சைட்டுக்கு மணம் இல்லை, தலையிடி வரும்போது நேரம் போயிருக்கும். ஒக்சிஜன் குமிழ், காஸ் குமிழ், சிலிண்டர் என்று வழக்கமான வரிசையில் மூடிவிட்டுக் கதவைத் திறவுங்கள்.

மூன்றாவது சூளை. அதைத் திறக்காதீர்கள். உள்ளே இருப்பதைப் பார்க்கும் ஆசைதான் மணியை உடைக்கிறது. சூளையில் காற்று போகும் துளை இருந்தால் அடைத்துவிட்டு அப்படியே விடுங்கள். நெருப்புக்கல் தடித்த சூளை மெல்லத்தான் ஆறும், சின்ன மணிகள் பல தப்பிவிடும். கரண்ட் வந்த பிறகு அறை வெப்பத்திலிருந்து மெதுவாக ஏற்றி மறுபடி பதப்படுத்தலாம், அதாவது வெடிக்காதபடி சூட்டில் வைத்திருந்து மெல்ல ஆறவிடலாம்.

கொட்டிலை விட்டுப் போகுமுன் எல்லாச் சுவிச்சுகளையும் நிறுத்துங்கள். நள்ளிரவில் கரண்ட் வரும்போது ஆளில்லாத அறையில் சூளை தானாக எரியத் தொடங்கக் கூடாது. சில சூளைகளின் கட்டுப்பாட்டுப் பெட்டி விட்ட இடத்திலிருந்து தொடரும், சிலது முதலிலிருந்து தொடங்கும், சிலது சும்மா நிற்கும். உங்களுடையது எந்த ரகம் என்பதை ஒரு ஓய்வு நாளில் வெறும் சூளையை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சூளை ஓடும்போது நித்திரைக்குப் போகலாமா?

பதப்படுத்தும் வெப்பத்தில் நிற்கும்போது போக வேண்டாம் என்பது என் கட்சி. மணி செய்யும் மென்கண்ணாடிக்கு ஏறத்தாழ 515 பாகை செல்சியஸ், போரோசிலிக்கேற் கண்ணாடிக்கு 565 பாகை அளவு. கடைசி மணியை உள்ளே வைத்து ஒரு மணித்தியாலம் அந்த வெப்பத்தில் விட்டு, பிறகு மணிக்கு 60, 70 பாகை வீதம் 400க்குக் கீழே இறக்குகிறேன். அதற்குப் பிறகு சுவிச்சை நிறுத்தி, சுவரிலிருக்கும் சுவிச்சையும் நிறுத்தி, விடியும்வரை மூடியபடி விடுகிறேன். தடித்த பொருள் என்றால் இந்த நேரமெல்லாம் கூடும். கணக்குப் போட்டுப் பார்த்தால் கடைசி மணி பின்னேரம் ஐந்து மணிக்கு உள்ளே போக வேண்டும். இரவு ஒன்பதுக்கு டோர்ச்சை மூடுகிறவர் நள்ளிரவு வரை காவல் இருக்க வேண்டியவர்.

சுவருக்கும் சூளைக்கும் இடையில் ஒரு அடியாவது விடுங்கள். அடியில் பலகை வேண்டாம், சீமெந்துக் கல் வையுங்கள். கிடுகுக் கூரைக்குக் கீழே சூளையோ டோர்ச்சோ வைக்கவே வேண்டாம். எக்ஸ்டென்ஷன் வயரில் சூளை ஓட்டுகிறவர்கள் வேலை முடிந்ததும் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால் நாளைக்கே தனி வயர் இழுக்க மின்வேலை செய்பவரைக் கூப்பிடுங்கள்.

குளிர்காயப் பூனை வரும். சூளைக்கு மேலே ஏறிப் படுக்கும். கதவைப் பூட்டுமுன் பூனையை எண்ணுங்கள்.

ஃபேனை எப்போது நிறுத்துவது?

டோர்ச் அணைந்து கால் மணித்தியாலம் கழித்து. எதிர்ப்பக்க யன்னல் திறந்திருக்க வேண்டும். காற்று உள்ளே வர வழியில்லாமல் வெளியே தள்ளும் ஃபேன் சும்மா சுற்றுகிறது. கச்சான் காற்று வீசும் காலத்தில் மேற்குச் சுவரில் ஃபேன் வைத்திருப்பவர்கள் கவனியுங்கள். காற்று திருப்பி உள்ளே தள்ளும். ஃபேனுக்கு முன்னால் ஒரு நூலைத் தொங்கவிட்டால் எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்துவிடும்.

அணைத்த உடனே கதவைப் பூட்டிப் போகலாமா?

அரை மணித்தியாலமாவது இருங்கள். வெல்டிங் போன்ற சூட்டு வேலைகளுக்கான பாதுகாப்பு விதிகளில் நெருப்புக் காவல் என்று ஒன்று உண்டு. வேலை முடிந்து அரை மணி முதல் ஒரு மணி வரை ஒருவர் அங்கேயே இருந்து பார்க்க வேண்டும். கண்ணாடிக் கோல் வெடிக்கும்போது பறக்கும் துண்டு ஏப்ரன் மடிப்பிலும் தும்புக் கால்மிதியிலும் போய் ஒளிந்துகொள்ளும். தும்பு புகையாமல் உள்ளே கனன்றுகொண்டு இருக்கும். மேசைக்குக் கீழே டோர்ச் லைட் அடித்துப் பாருங்கள், பழந்துணி வாளியைக் கிளறிப் பாருங்கள். அந்த அரை மணியில்தான் நான் கோல்களை நிறம் பிரித்து அடுக்குவதும் அன்றைய கணக்கு எழுதுவதும்.

மேசையில் விட்ட கோல்களின் சூட்டு முனை எப்போதும் ஒரே பக்கம் பார்க்கட்டும், உங்களுக்கு எதிர்ப்பக்கம். சூடான கண்ணாடிக்கும் ஆறிய கண்ணாடிக்கும் கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. உதவிக்கு வரும் சொந்தக்காரர்கள்தான் அதிகம் சுட்டுக்கொள்கிறார்கள்.

தும்புத்தடியால் கூட்டலாமா?

ஈரப்படுத்தாமல் கூட்டாதீர்கள். கண்ணாடித் தூள் மட்டும் என்றால் இவ்வளவு பயப்படத் தேவையில்லை. மணி ஒட்டாமல் கம்பியில் பூசும் களிமண் பூச்சு காய்ந்து பொடியாகும், சூளைக் கல் உதிரும், அந்தப் பொடிகளில் நுரையீரலுக்கு ஆகாதவை உண்டு. தண்ணீர் தெளித்து, ஈரத்துணியால் ஒரே திசையில் இழுத்துத் துடைத்து, துணியை வாளியில் அலசுங்கள். அலசிய தண்ணீரைத் தெளியவிட்டு அடிமண்டியை டின்னில் போடுங்கள், குசினிக் கானில் ஊற்ற வேண்டாம். கம்பியிலிருந்து மணியைக் கழற்றித் துளையைச் சுத்தம் செய்வதும் தண்ணீருக்குள்தான்.

சிவப்பு, மஞ்சள், செம்மஞ்சள் கண்ணாடிகள் பலவற்றில் கட்மியம் உண்டு, சில பூச்சுகளில் ஈயம் உண்டு. நாங்கள் சோறு பிசைந்து சாப்பிடுகிறவர்கள். நகக்கண் வரைக்கும் கழுவிவிட்டு உட்காருங்கள்.

இன்னொன்று, வெறுங்காலோடு வீட்டுக்குள் நடப்பது நம் பழக்கம். கொட்டிலுக்கென்று ஒரு மூடிய சப்பாத்து வாசலிலேயே கிடக்கட்டும். அதோடு வீட்டுப் படி ஏறக் கூடாது. நான் இதைப் படித்தது என் தாயாரின் குதிக்காலில் ஏறிய ஒரு நீலத் துண்டால். ஊசியால் எடுக்க ஒரு மணித்தியாலம் ஆனது, அவர் திட்டியது ஒரு கிழமை.

உடைந்த துண்டுகளை எங்கே போடுவது?

பால்மா டின்னில். ஆறியதை மட்டும். நிறைந்ததும் மூடியை ஒட்டி 'கண்ணாடி' என்று பெரிதாக எழுதி, குப்பை எடுக்க வருபவர் கையில் சொல்லிக் கொடுங்கள். வளவில் சருகோடு சேர்த்துக் கொளுத்தவோ வாவிக்கரையில் கொட்டவோ வேண்டாம். அங்கே காலோடு இறங்கி வலை வீசுகிறவர்கள் இருக்கிறார்கள்.

கை சுட்டுவிட்டது. பற்பசை பூசலாமா?

வேண்டாம், எண்ணெயும் வேண்டாம். மோதிரம் வளையலைக் கழற்றிவிட்டு இருபது நிமிடம் ஓடும் குளிர்ந்த தண்ணீரில் பிடியுங்கள். குழாய் இல்லாவிட்டால் கிணற்றுத் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றுங்கள். ஐஸ் கட்டி வைக்காதீர்கள். கொப்புளம் உள்ளங்கை அளவு என்றால், முகம் அல்லது கண் என்றால், 1990 இலக்கத்தில் அம்புலன்ஸை அழைத்து வைத்தியசாலைக்குப் போங்கள்.

மாரியில் வெள்ளம் ஏறினால் பட்டறையை எப்படி விட்டுப் போவது?

ஐப்பசிக்கே தயாராக வேண்டும். பாதி தீர்ந்த காஸ் சிலிண்டர் வெள்ளத்தில் மிதக்கும். மிதந்தால் குழாயைப் பிய்த்துக்கொண்டு போகும். ரெகுலேற்றரைக் கழற்றி, வால்வுக்கு மூடியிட்டு, சிலிண்டரை நிமிர்த்தியபடியே சுவரில் சங்கிலியால் இரண்டு இடத்தில் கட்டுங்கள். படுக்க வைக்க வேண்டாம், படுத்தால் திரவமே வெளியே வரலாம். கொன்சன்ட்ரேற்றரை மேசைக்கு மேலே ஏற்றுங்கள். மாதக்கணக்கில் சும்மா கிடந்தால் அதன் உள்ளே நைதரசனைப் பிடிக்கும் மணல் ஈரத்தில் கெடும், ஆகவே மழைக்காலத்திலும் இடைக்கிடை ஓட்டிவிடுங்கள். தண்ணீர் சூளையின் அடிக்கல்லைத் தொட்டுவிட்டால் அந்த மாதம் மணி செய்வதை மறந்துவிடுங்கள். பிளக்கைக் கழற்றி, மூடியைத் திறந்து, வெயில் வந்து கல் நன்றாகக் காய்ந்த பிறகு ஒரு மின்வேலைக்காரர் சோதித்துப் பார்க்கட்டும். முதல் சூட்டை 100 பாகைக்குக் கீழேயே சில மணித்தியாலம் வைத்திருங்கள், கல்லுக்குள் இருக்கும் ஈரம் ஆவியாகிப் போகும்வரை.